கண்டி மாநகரின் வீதித் தடைகள்: ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிலிருந்து கண்டிக்குக் காலை வேளையில் பஸ் வண்டியில் நின்றபடி பயணஞ் செய்தோர், கெட்டம்பேயைக் கடந்ததும் வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து, பின்னர் ஊர்தலையும் மறந்து நின்றுவிடுவதை நன்கறிவர். மாணவப் பருவத்தில் இவ்வாறு நின்ற வண்டியிலிருந்து இறங்கி நடந்து, அதற்கு முன்னரே நகரைச் சென்றடைந்த நாட்கள் எனக்குப் பலவுண்டு. அன்று அதனை ஒரு வேடிக்கையாகவே கருதினேன். நோயாளியான தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோருக்கு அது வேடிக்கையன்று என்பது பிற்காலத்திலேயே புலனாயிற்று.

இந்நெருக்கடியைப் பற்றிப் பேசுவோர் அதனை வாகனப் பெருக்கத்தால் அண்மையில் விளைந்த நோயென்றே கொள்வர். அது ஓரளவு உண்மையே. எனினும் கண்டியின் வீதிகளில் எவர் செல்லலாம், எதிற் செல்லலாம், எப்போது செல்லலாம் என்ற வினா மோட்டார் வண்டி தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே இந்நகரில் எழுந்துவிட்டது. காலத்துக்குக் காலம் அதற்கு விடை கூறியோர் வேறுபட்டனர். விடை கூறப்பட்ட முறையும் வேறுபட்டது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து செல்ல, மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றதொரு பள்ளத்தாக்கிற் கண்டி அமைந்துள்ளது. கண்டி மன்னர் இந்நில அமைப்பையே தமது அரணாகக் கொண்டனர். 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில், பாதைகளை அகலமாக்க மன்னன் விரும்பவில்லை என்றும், கணவாய்கள் தோறும் முட்கதவுகளும் காவலும் இருந்தன என்றும் குறிப்பிடுகின்றார். இம்முட்கதவுகளே கடவத்தை எனப்பட்டன. இன்றும் இலங்கையில் அப்பெயர் தாங்கிய ஊர்கள் உள்ளன. அவற்றின் ஊடாகச் செல்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரையொன்றை அனுமதிச் சீட்டாகக் காட்டவேண்டியிருந்தது. போர்வீரருக்குத் தோளில் ஈட்டி தாங்கியவனின் உருவம்; சுமை தூக்குவோருக்கு இருமுனையிலும் பொதி தொங்கும் தண்டினைத் தோளிற் சுமந்தவனின் உருவம்; வெள்ளையருக்கோ தொப்பியணிந்து இடையில் வாள் தரித்தவனின் உருவம். செல்பவன் எத்தகையவன் என்பதைக் கொண்டே வழி திறக்கப்பட்டது என்பதை இச்சிறு செய்தி தெளிவாக உணர்த்துகின்றது.

புறத்தே பாதையை மூடிய அதே அரசு, நகரின் உள்ளே அகன்ற வீதிகளை வேண்டிற்று. அவை வண்டிகளுக்காக அமைந்தவை அல்ல, வலம் வருதற்காக அமைந்தவை. வீதி என்னும் சொல்லே தமிழிலும் சிங்களத்திலும் இப்பொருளைச் சுமந்து நிற்கின்றது. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி எனத் திங்களின் பெயரால் வழங்கும் வீதிகள் விழாவைச் சுமப்பதற்கென எழுந்தவை. கண்டியிலும் எசல பெரஹரா செல்லும் வழியே நகரின் எலும்புக்கூடு எனலாம். தலதா வீதி, யட்டிநுவர வீதி, இன்று டி. எஸ். சேனாநாயக்க வீதி எனப்படும் பழைய திருகோணமலைத் தெரு, ராஜ வீதி ஆகியவற்றின் ஊடாகத் தலதா மாளிகையினதும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களினதும் ஊர்வலங்கள் செல்கின்றன. 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க வம்சத்து மன்னரின் உறவினர் வாழ்ந்த பகுதி இன்றும் மலபார் தெரு என்னும் பெயரை இழக்கவில்லை. அவ்வம்சத்தின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மாளிகையின் முன்னிருந்த வயல்வெளியை 1807 தொடக்கம் 1812 வரையான காலத்தில் வாவியாக்கினான். அதற்கு உழைத்த குடிகள் மனம் நொந்தனர் என்பது வரலாறு. வாவிக்கும் மாளிகைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பட்டியே பின்னர் நகரின் உயிர்நாடியான பாதையாயிற்று. அந்நிலப்பட்டி இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

1815இற் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின், மன்னர் மூடி வைத்த பாதைகளைத் திறப்பதே ஆட்சியை நிலைநிறுத்தும் வழியெனக் கண்டனர். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில், 1820இல் கொழும்பு - கண்டி வீதியின் வேலை தொடங்கிற்று. அதனை வகுத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கின்றது; கல்லுடைத்தும் மண் சுமந்தும் அவ்வீதியை ஆக்கிய குடிமக்களுக்குக் கோபுரம் எதுவுமில்லை. 1832இல் இவ்வீதியில் அஞ்சற் குதிரை வண்டி ஓடலாயிற்று. கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாக இறங்கின. வடக்கே மன்னாரிற் கரையிறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கிச் சென்றனர். வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். திருகோணமலைத் தெரு அவ்வட திசையை நோக்கித் திறந்த வாயிலாகும். அஞ்சல் வண்டிக்கும் கோப்பி மூட்டைக்கும் வீதி எதற்காக அமைக்கப்பட்டது என்பது எளிதில் விளங்கும். கால்நடையாக வந்தோரோ அவ்வீதியின் கணக்கில் இடம்பெற்றிலர்.

1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் சட்டத்தின் கீழ்க் கண்டி மாநகர சபை தோன்றியது. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. மாட்டு வண்டிகளின் பெருக்கம் நெடுந்தூரப் பாதையில் தணிந்ததேயன்றி நகரினுள் தணியவில்லை. புகையிரத நிலையத்துக்கும் கடைத் தெருவுக்கும் இடையே அவை மேலும் செறிந்தன. புதிய பாதை திறந்தால் நெருக்கடி ஒழியும் என்ற நம்பிக்கை முதன்முதல் அன்றே பொய்த்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிப் பகுதிக்கு வந்தபோது இராணுவ வாகனங்கள் வீதிகளை நிறைத்தன. 1950இல் மத்திய சந்தையருகே மணிக்கூட்டுக் கோபுரம் திறக்கப்பட்டது. கடுகண்ணாவை மலைப்பாதையில் நேர்ந்த வீதி விபத்தில் மாண்ட தம் மகனின் நினைவாக அக்குறணையைச் சேர்ந்த கொடையாளர் ஒருவர் அதனை எழுப்பினார். நாள்தோறும் அதன் நிழலிற் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆயிரக்கணக்கானோருள் எத்துணைப் பேர் இதனை அறிவரோ! 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனையிற் குடிகொண்டமை அவ்வழியிற் பயணஞ் செய்வோர் தொகையைப் பெருக்கிற்று. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1979 முதல் தனியார் பஸ் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அரச வண்டியும் தனியார் வண்டியும் ஒரே பயணிக்காக ஒரே தரிப்பிடத்தில் முந்தி நிற்க முயன்றன. வீதியின் ஒரு கரை அதனால் நிரந்தரமாக அடைபட்டது.

இனி, முன்னர்க் கூறிய நிலப்பட்டிக்கு வருவோம். குயின்ஸ் ஹோட்டலருகே தொடங்கி, மாளிகையின் அகழிக்கும் வாவிக்கும் இடையே சென்ற பாதை, நகரின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பொது வழியாக விளங்கியது. பஸ் வண்டிகளும் பார வண்டிகளும் மாளிகையின் வாயிலருகே முழக்கத்துடன் சென்றன. 1988இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் கண்டியை உலக மரபுரிமை நகராக ஏற்ற பின்னரும் அப்பாதை திறந்தே இருந்தது.

1998 சனவரி 25ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெடிபொருள் ஏற்றிய பார வண்டியொன்றைத் தமிழீழ விடுதலைப் புலிகள் மாளிகையின் வாயிலில் மோதி வெடிக்கச் செய்தனர். வழிபட வந்தோர் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாளிகையின் முகப்பும் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபமும் சேதமுற்றன. சில நாட்களில் கண்டியில் நடைபெறவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புப் பகுதிக்கு மாற்றப்பட்டது. வாவிக்கரைப் பாதை வாகனங்களுக்கு மூடப்பட்டது.

பாதையை மூடியதன் நியாயத்தை அன்று எவரும் வினவ முடியாது. இன்றும் நான் வினவவில்லை. மாண்டோர் வழிபாட்டுக்கு வந்தவர். புனிதத் தலமொன்றின் வாயிலில் அவ்வாறானதொன்றைச் செய்தோரின் செயலை, அவர்கள் யாருக்காகப் போராடுவதாகக் கூறினர் என்பதைக் கொண்டு மழுப்புவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. அதே வேளையில், அதன் பின்னர் எழுந்த சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்றோருள், தமிழ்ப் பெயர் உடையோர் சற்று நீண்ட நேரம் நிற்க நேர்ந்ததும் மறைத்தற்குரியதன்று. நொக்ஸ் கண்ட களிமண் முத்திரை முந்நூறு ஆண்டுகளின் பின் அட்டை வடிவில் மீண்டு வந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

அச்சத்தால் மூடப்பட்ட பாதை 2009 மே மாதத்திற் போர் முடிந்த பின்னரும் வாகனங்களுக்குத் திறக்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் மூடலுக்கான காரணம் மாறிவிட்டது. பாதுகாப்பென்பது பின்னே செல்ல, தலத்தின் புனிதமும் தொன்மைக் கட்டடங்களின் பேணுகையும் முன்னே வந்தன. இவை வலுவற்ற காரணங்கள் அல்ல. முன்பு பார வண்டிகளின் புகை படிந்த இடத்தில் இன்று வெண்ணிற ஆடையணிந்த அடியார் தாமரை மலருடன் அமைதியாக நடந்து செல்லும் காட்சியைக் கண்டோர், அப்புகையை மீண்டும் வேண்டார். எனினும் ஒருபுறம் நீங்கிய புகை வேறெங்கோ சென்றிருக்க வேண்டுமன்றோ? கிழக்கே செல்லும் வாகனங்கள் யாவும் வாவியின் மறுகரையைச் சுற்றிச் சங்கராஜ மாவத்தை வழியாகத் திருப்பப்பட்டன. அவ்வழியிலுள்ள விகாரையினரும் பாடசாலைப் பிள்ளைகளும் குடியிருப்போரும் அதனைத் தாங்கினர். கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் வாகனப் புகை எளிதில் அகலாது தங்கிவிடுகின்றது என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். பாதையை மீண்டும் திறக்க வேண்டுமென வணிகரும் நகரவாசிகளும் காலத்துக்குக் காலம் குரலெழுப்புவதும், மகாசங்கத்தினர் அதனை மறுப்பதும், ஆட்சியாளர் இரு தரப்பையும் நோக்கித் தலையசைப்பதும் தொடர்கதையாயின.

இம்மூடலின் குறைபாடு மூடியமையில் இல்லை. மூடல் எப்போது முடிவுறும், எதனை அளந்து அதன் நன்மை தீமைகளை மதிப்பிடுவது, எவரைக் கேட்டு நிலைப்படுத்துவது என்பவற்றுள் ஒன்றேனும் வகுக்கப்படாமையிலேயே அது உள்ளது. மூடலுக்கு முன் அவ்வழியே சென்றோர் எத்தனை பேர், பின்னர்ச் சுற்றிச் சென்றோர் இழந்த நேரம் எவ்வளவு என்ற கணக்கின்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடைபெறுகின்றது. தற்காலிகமென்ற பெயரில் வந்தது, எவரும் முடிவு செய்யாமலே நிரந்தரமாயிற்று.

தற்செயலாக நேர்ந்த மூடலும் நல்லதொரு பரீட்சார்த்தமாகக் கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் நோரிச் நகரம் சான்றாகும். 1965இல் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயைச் சீர்செய்வதற்காக அங்கே இலண்டன் தெரு மூடப்பட்டது. வணிகம் அழியுமென அஞ்சிய கடைக்காரர், நடந்து வருவோர் பெருகியதால் வணிகம் வளர்ந்ததைக் கண்டனர். கண்டதைக் கணக்கிற் கொண்டு நகர சபை 1967இல் அத்தெருவை நடப்போருக்கே உரியதாக்கியது. சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நகருள் நுழையும் வாகனங்களிடம் கட்டணம் பெறும் முறையை 2006 சனவரி முதல் யூலை முடிவு வரை நடத்தி, நிறுத்தி, பின்னர் மக்களிடம் வாக்கெடுத்தே 2007 ஓகத்தில் நிலைப்படுத்தியது. தொடக்கத்தில் எதிர்த்தோருட் பலர், கட்டணம் நிறுத்தப்பட்டபோது வீதி மீண்டும் அடைபட்டதைக் கண்ணாரக் கண்டு மனம் மாறினர். நிறுத்தியதே அப்பரீட்சையின் சிறந்த பகுதி என்பது என் கருத்து.

இவ்விடத்திற் பஸ் வண்டிகளுக்கெனத் தனி வழி ஒதுக்கும் முயற்சிகளையும் நோக்க வேண்டும். பாதையை முற்றாக மூடுதல் ஒரு வகைத் தடை எனின், ஒரு கீற்றை ஒருவகை வாகனத்துக்கு மட்டும் உரியதாக்குதல் மற்றொரு வகைத் தடையாகும். ஐம்பது அறுபது பேரைச் சுமக்கும் வண்டியும் ஒருவரைச் சுமக்கும் வண்டியும் வீதியிற் சம உரிமை கோர முடியுமா என்பதே அதன் அடிப்படை வினா. கொழும்பில் 2017இல் இம்முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 2020 செப்தெம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் எவ்வழியிற் செல்வதென்ற விதி சில நாட்களுக்குள்ளேயே மாற்றப்பட்டது. சாரதிகள் குழம்பியதில் வியப்பில்லை. டில்லியின் அனுபவம் இதனினும் கசப்பானது. 2008இல் அம்பேத்கர் நகர் தொடக்கம் மூல்சந்த் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீற்றருக்குப் பஸ் வழி அமைக்கப்பட்டது. காரிற் செல்வோர் வழக்குத் தொடுத்தனர். 2012இல் டில்லி உயர் நீதிமன்றம் அவ்வழியை நியாயமானதென ஏற்ற பின்னரும், 2016இல் அது அகற்றப்பட்டது. பஸ்ஸிற் சென்றோரே பெருந்தொகையினர். ஆயினும் பத்திரிகைகளில் ஒலித்த குரல் காரிலிருந்தோருடையது.

கண்டியில் இவ்வினா எவ்வாறு தோன்றும்? காலையில் நகருள் வருவோரில் மிகப் பெரும்பாலோர் பஸ்ஸிலேயே வருகின்றனர். வீதியை நிறைத்து நிற்பனவோ கார்களும் பாடசாலை வான்களும் முச்சக்கர வண்டிகளும். கம்பளை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேசிய வைத்தியசாலையின் சிகிச்சை நிலையங்களுக்கு வருவோர் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். கெட்டம்பேயில் நெடுவீதி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று பழைய பேராதனை வீதியாகக் கட்டுக்கலை வழியே செல்ல, மற்றையது ஒருகாலத்திற் கண்டி மாநகர ஆணையாளராகவிருந்து பின்னர் நாட்டின் முதல் ஜனாதிபதியான வில்லியம் கோபல்லாவையின் பெயரைத் தாங்கிச் செல்கின்றது. இருவழிகள் இருப்பதால், ஒன்றிற் காலை வேளையிலேனும் பஸ்ஸுக்கு முதன்மை அளித்துப் பார்த்தல் இயலாத காரியமன்று. மலைக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையில் அகலம் குறைவு என்பதும், வீதியோரக் கடைக்காரர் பொருளிறக்க இடமின்றித் தவிப்பர் என்பதும் மெய்யே. சிறுகடை நடத்துவோர் பலர் கடனில் வாழ்பவர். மூன்று மாத வணிக வீழ்ச்சியே அவர்களை மூழ்கடிக்கப் போதுமானது. ஆதலால் பொருளிறக்கும் நேரம் எது, முடிவுறும் நாள் எது, இழப்பு நேர்ந்தால் எவ்வாறு அறிவது என்பவற்றை முதலிலேயே அவர்களுடன் பேசி எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத வாக்குறுதியை அவர்கள் நம்பாமைக்கு வாவிக்கரைப் பாதையே காரணமாகும்.

புகையிரத நிலையத்தையும் பஸ் நிலையங்களையும் ஒருங்கிணைக்கும் பெரியதொரு போக்குவரத்து முனையத்தைக் குட்செட் பகுதியில் அமைக்கும் பணி உலக வங்கியின் உதவியுடன் இப்பத்தாண்டில் தொடங்கப்பட்டது. அதற்காகப் பஸ் தரிப்பிடங்கள் இடம் மாற்றப்பட்டன. பயணிகள் புதிய இடங்களைத் தேடி அலைந்து, சில வாரங்களிற் பழகிக்கொண்டனர். எவரும் பரீட்சார்த்தம் என்று பெயரிடாத பரீட்சார்த்தம் இதுவும். எவ்விடத்தில் நின்றபோது நகர மையம் இலகுவாயிற்று, எவ்விடத்தில் இறுகிற்று என்பதைக் குறித்து வைத்தோர் உளராயின் நகருக்கு அது பெரும் பயன் தரும்.

இறுதியாக, கண்டி மக்களுக்கு வீதித் தடை புதியதன்று என்பதற்கு ஆண்டுதோறும் அவர்களே சான்று பகர்கின்றனர். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் விழாவிற் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் மூடப்படுவதை யாழ்ப்பாணத்தார் ஏற்பது போலவே, எசல மாதத்தில் கும்பல் பெரஹரா ஐந்து நாளும் ரந்தோலி பெரஹரா ஐந்து நாளும் மாலையானதும் நகரின் நடு வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதைக் கண்டி மக்கள் ஏற்கின்றனர். கடைக்காரர் முணுமுணுப்பதில்லை, தம் கடைவாயிலிற் பாய் விரித்து இடம் அளிப்போரும் உளர். பஸ் வண்டிகள் நகரின் விளிம்பில் நிற்கின்றன. மக்கள் அங்கிருந்து நடந்து வருகின்றனர். எந்நாளில் மூடப்படும், எந்நாளில் திறக்கப்படும் என்பது பஞ்சாங்கம் அறிந்த எவருக்கும் தெரியும். கெட்டம்பேத் துறையில் நீர் வெட்டும் சடங்கு முடிந்து பகற் பெரஹரா நகருக்கு மீண்டதும் தடைகள் அகற்றப்படுகின்றன. மறுநாட் காலையில் யானைச் சாணத்தைக் கூட்டி அள்ளிய பின், முதற் பஸ் தலதா வீதியில் நுழைந்து, குயின்ஸ் ஹோட்டல் வரை வந்து, அங்கே இன்னும் அகற்றப்படாது நிற்கும் தடையைக் கண்டு வழக்கம் போல் திரும்பிச் செல்கின்றது.